மலேசியாவில் பிடிபட்ட பிள்ளையை எப்படித் தேடுவது?

நீலகிரியில் நெல்லியாளம், கொளப்பள்ளி, சேரம்பாடி பக்கம் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்துக் கூலியை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாமல் பிள்ளைகள் வெளியே போகிறார்கள். சிலர் மலேசியா வரை போய்விடுகிறார்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே அங்கே நுழையலாம். அது சுற்றிப் பார்ப்பதற்கான அனுமதி. அதை வைத்துக்கொண்டு ஓட்டலில் தட்டு கழுவினாலே விதிமீறல். 31ஆம் நாள் அங்கே தங்கியிருப்பதே குற்றம். இதைச் சொல்லி அனுப்பும் ஏஜென்ட் குறைவு.

ஒருநாள் பையனின் போன் அணைந்துவிடும். கூட இருந்தவர்கள் "ரெய்டுல பிடிச்சிட்டாங்க" என்பார்கள். அங்கிருந்து யாராவது வீட்டுக்குத் தகவல் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். 1963 வியன்னா ஒப்பந்தப்படி, பிடிபட்ட வெளிநாட்டவர் கேட்டால்தான் அவர் நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும். பயத்தில் இருக்கும் பையனுக்குக் கேட்கத் தெரிவதில்லை. அதனால் இங்கிருந்துதான் தேட வேண்டும்.

தேடுவதற்கு முதலில் வேண்டியது பாஸ்போர்ட் எண். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஏமாற்றம்தான். நாம் மு. சதீஷ் என்று தேடுவோம்; அப்பா பெயரும் பாஸ்போர்ட்டில் இருப்பதால் அங்கே பதிவேட்டில் அவன் முருகன் என்று ஏறியிருப்பான். ஜெராக்ஸ் வீட்டில் இல்லையென்றால் டிக்கெட் போட்ட டிராவல்ஸில் கேளுங்கள், அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் புரட்டுங்கள். எதுவுமே இல்லையா, நீலகிரிக்கான பாஸ்போர்ட் அலுவலகம் கோவையில் இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள்.

எண் கிடைத்ததும் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிறந்த தேதி, கடைசியாகப் பேசிய நாள், வேலை பார்த்த ஊர் எல்லாம் அதில் இருக்கட்டும். அன்றே வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்திலும் புகார் பதியுங்கள். ஒரு பதிவு எண் தருவார்கள், பிறகு எங்கே கேட்டாலும் அதைச் சொல்லிக் கேட்கலாம். மூன்றாவது, சென்னை எழிலகத்தில் உள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு மறுவாழ்வுத் துறை புதிதல்ல. நேரில் மனு கொடுக்க நினைப்பவர்கள் திங்கட்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம்.

பிடிபட்டவரை ஒரே இடத்தில் வைத்திருக்க மாட்டார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மலேசியச் சட்டப்படி குடிநுழைவுத் துறை 14 நாளுக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினால் போதும். வழக்கு நடந்து தண்டனை விழுந்தால் சிறை. தண்டனை முடிந்த பிறகும் உடனே ஊருக்கு அனுப்புவதில்லை. செமினி, புக்கிட் ஜாலில் போன்ற தடுப்பு முகாம் ஒன்றுக்கு மாற்றுவார்கள். பயணப் பத்திரமும் டிக்கெட்டும் சேரும்வரை அங்கேதான். "தண்டனை முடிஞ்சுதே, ஏன் இன்னும் வரலை" என்று அம்மாக்கள் தவிப்பது இந்தக் கட்டத்தில்தான். ஆகவே கேட்கும்போது ரிமாண்டா, சிறையா, முகாமா என்று பிரித்துக் கேளுங்கள்.

பாஸ்போர்ட் முதலாளியிடமோ ஏஜென்ட்டிடமோ மாட்டியிருந்தால், தூதரகம் அவசரப் பயணச் சான்று தரும். வெள்ளை பாஸ்போர்ட் என்பார்களே, அதுதான். அதற்கு முன் அவர் இந்தியர்தானா என்று இங்கே விசாரணை வரலாம். ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், பள்ளி டி.சி.யோடு, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பமென்றால் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையையும், கண்டியில் வாங்கிய பழைய இந்திய பாஸ்போர்ட்டையும் எடுத்து வையுங்கள். பழைய காகிதம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதற்கிடையில் "பணம் கொடுங்கள், உள்ளே பேசி எடுத்துவிடுகிறேன்" என்று யாராவது வருவார்கள். நகையை அடகு வைத்து அவர்களிடம் கொடுக்க வேண்டாம். விமான டிக்கெட்டுக்கு வீட்டில் வழியே இல்லையென்றால் அதை மனுவிலேயே எழுதுங்கள்; இப்படித் தவிப்பவர்களை ஊர் சேர்க்கவே தூதரகங்களில் 2009 முதல் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. அனுப்பி வைத்த ஏஜென்ட் மீதான புகாரைச் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் தனியாகக் கொடுக்கலாம். பையன் வரும்வரை அதைத் தள்ளிப்போடத் தேவையில்லை.