மெழுகுவத்திக்கும் திரைக்கும் நடுவே

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 18-200 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று இருக்கிறது. பத்து வருடமாக கேமராவை விட்டுக் கழற்றியதே இல்லை. இப்போது நண்பர்கள் எல்லாரும் 'அதை வித்துட்டு நல்ல பிரைம் லென்ஸா ரெண்டு வாங்குங்க சார்' என்கிறார்கள். வைத்துக்கொள்ளவா, விற்றுவிடவா?"

விலை பேசும் கேள்வி மாதிரித் தெரிகிறது. ஆனால் இந்த லென்ஸின் வயிற்றுக்குள் நடப்பது என்ன என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நண்பர்களின் யோசனை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஷார்ப்னஸ் வரைபடம் ஒன்றைக் காட்டி, ஒரு கோடு இன்னொரு கோட்டைவிடச் சற்று உயரமாக இருப்பதைச் சுட்டி, பழையதை விற்கச் சொல்லும் காணொளிகள் ஆயிரம் இருக்கின்றன. இன்னொரு பக்கம், "11 மடங்கு ஜூம்" என்று அட்டைப் பெட்டியில் அச்சடிக்கும் விளம்பரம். அந்த 11 என்பது 200-ஐ 18-ஆல் வகுத்த ஈவு, அவ்வளவே. எதையும் பதினோரு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதாக அதற்குப் பொருள் கிடையாது. இரண்டையும் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைப்போம்.

பள்ளி ஆய்வகத்தில் மெழுகுவத்தி, குவிலென்ஸ், திரை மூன்றையும் வரிசையாக வைத்துச் செய்த சோதனை ஞாபகம் இருக்கிறதா? குவியத் தூரம் 10 செ.மீ. உள்ள லென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மெழுகுவத்திக்கும் திரைக்கும் இடைவெளி 45 செ.மீ. மெழுகுவத்தியிலிருந்து 15 செ.மீ. தள்ளி லென்ஸை நிறுத்தினால், திரையில் சுடர் தலைகீழாக, தெளிவாக, இரண்டு மடங்கு பெரிதாக விழும். லென்ஸை 30 செ.மீ.க்கு நகர்த்தினால் மறுபடியும் தெளிவு. இம்முறை சுடர் பாதி அளவு. இரண்டு அளவையும் நோட்டில் குறித்து, சூத்திரத்தில் போட்டு, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். 15-க்கும் 30-க்கும் நடுவே லென்ஸ் போகும்போது என்ன நடந்தது என்று நின்று பார்க்கவில்லை. ஜூம் லென்ஸ் அந்த நடுவில்தான் இருக்கிறது.

நடுவழியில் திரையில் பிம்பம் கலங்கிப்போகும். அது காணாமல் போவதில்லை. திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. லென்ஸ் 20 செ.மீ.யில் நிற்கும்போது தெளிவான பிம்பம் மெழுகுவத்தியிலிருந்து 40-ஆவது செ.மீ.யில் விழும். திரை 45-இல் நிற்கிறதே! ஆக, கலங்காமல் பார்க்கவேண்டுமென்றால் ஒருவர் லென்ஸைச் சீராக ஒரே திசையில் தள்ள, இன்னொருவர் திரையை 45-இலிருந்து 40-க்குக் கொண்டுவந்து, பிறகு மெல்ல மெல்ல 45-க்கே திருப்பிக்கொண்டு போகவேண்டும். ஒன்று ஒருவழிப் பயணம், மற்றது போய்வரும் பயணம். இரண்டும் ஒத்துப்போனால் சுடர் இரண்டு மடங்கிலிருந்து பாதி வரை, ஒரு நொடியும் தெளிவு கெடாமல் சுருங்கிக்கொண்டே போகும். நான்கு மடங்கு ஜூம், சமையலறை மேஜை மேல். வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால் இன்று இரவே செய்து பாருங்கள். எனக்கு இந்த வயதிலும் அது சலிக்கவில்லை.

கேமராவில் திரையின் இடத்தில் இருப்பது சென்சார். அது அசையாது. அதனால் திரை செய்யவேண்டிய அந்தப் போய்வரும் வேலையை, லென்ஸுக்குள்ளேயே இன்னொரு கண்ணாடிக் குழு ஏற்றுக்கொள்கிறது. அளவை மாற்றுவது ஒரு குழு, அதனால் கெடும் தெளிவை ஈடுகட்டுவது மற்றொரு குழு. அளவை மாற்றும் குழு பெரும்பாலும் குழிலென்ஸ் வகை. ஆனாலும் போய்வரும் கணக்கு மாறுவதில்லை. நீங்கள் ஜூம் ரிங்கைத் திருகும்போது உள்ளே ஓர் உலோகக் குழல் சுழல்கிறது. அதில் வளைவான காடிகள் வெட்டியிருப்பார்கள். ஒவ்வொரு குழுவிலிருந்தும் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ், தனக்குரிய காடியில் ஓடும். ஒரு காடி திருகாணி மாதிரி ஒரே சீராகச் சரியும். இன்னொன்று வில்லைப் போல வளைந்து திரும்பும். மேலே சொன்ன 45, 40, 45 கணக்கு முழுவதையும் அந்த வில் வளைவில் செதுக்கிவைத்திருக்கிறார்கள்.

ஆட்டுக்கல்லில் மாவாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு கை குழவியை ஒரே போக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். மற்றொரு கை உள்ளே போய் மாவைத் தள்ளிவிட்டு, குழவி வந்து சேரும் முன் விலகும். எந்த இடத்தில் குழவி இருந்தால் எந்த இடத்தில் விரல் இருக்கவேண்டும் என்பது பழகிப்போன கணக்கு. பிசகினால் விரல் நசுங்கும், இங்கே படம் கலங்கும். ஆட்டுக்கல்லில் இட்லி மாவும் ஆட்டலாம், வடைக்கும் அரைக்கலாம், அவசரத்துக்குச் சட்னியும் ஆகும். ஆனால் சட்னிக்கு அம்மிதான் என்று பாட்டி சொன்னால் எதிர்த்துப் பேசமுடியாது. அம்மிதான் பிரைம் லென்ஸ்: ஒரே குவியத் தூரம், ஒரே வேலை, ஒத்துப்போகவேண்டிய இரண்டாம் அசைவு கிடையாது. இன்னும் ஒரு படி போகிறேன். பல வருடம் சுற்றியபின் குழவியும் குழியும் தேய்ந்து வழவழப்பாகிவிடும். கொத்துபவர் வந்து கொத்திவிட்டுப் போகவேண்டும். லென்ஸிலும் குமிழ்கள் தேய்ந்தால் கண்ணாடிக் குழு ஒரு மயிரிழை சாயும்; படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள், அம்மி கொத்துபவர்களைப் போலவே, குறைந்துகொண்டு வருகிறார்கள்.

நான்கு மடங்குக்கே மேஜை மேல் திரை 5 செ.மீ. பின்வாங்கவேண்டியிருந்தது. அதே லென்ஸை வைத்துக்கொண்டு 11 மடங்கு வேண்டுமென்றால் பின்வாங்கல் 16 செ.மீ.க்கு மேல் போய்விடும். இதைக் கையடக்கக் குழலுக்குள் அமுக்க, பல குழுக்களைத் தனித்தனி வேகத்தில் ஓடவிடவேண்டும். 2005-இல் நிக்கான் வெளியிட்ட 18-200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 12 குழுக்களில் 16 கண்ணாடிகள், எடை 560 கிராம். அந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதைதான் வருகிறது.

வரலாறு கொஞ்சம் சொல்லியாகவேண்டும். அமெரிக்காவில் கிளைல் ஆலன் 1902-இலேயே ஜூம் லென்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். 1932-இல் குக் வேரோ என்ற 40-120 மி.மீ. சினிமா லென்ஸ் வந்தது. போட்டோ கேமராவுக்கு 1959-இல் வாய்க்லேண்டர் ஸூமார், 36-82 மி.மீ. இந்தத் தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம் மேற்பூச்சு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அடிக்கும். 12 குழு என்றால் காற்றைத் தொடும் பரப்பு 24. ஒவ்வொன்றிலும் 4 சதவீதம் போனால் கடைசியில் மிஞ்சுவது 38 சதவீதம்கூட இல்லை. திரும்பி அடித்த மீதி உள்ளேயே அலைந்து படத்தை வெளிறவைக்கும். ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மாகுலா 1935-இல் கண்டுபிடித்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சுதான் இந்தப் பதினாறு கண்ணாடிகளையும் ஒரே வரிசையில் நிற்கவைத்தது.

இனிக் குறைகள். 200 மி.மீ.யில் இந்த லென்ஸ் எஃப்/5.6 என்றால், முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் துளை, 200-ஐ 5.6-ஆல் வகுக்க, 36 மி.மீ. அகலம். அதையே எஃப்/2.8 ஆக்கக் கேட்டால் 71 மி.மீ. துளை வேண்டும், எடை ஒன்றரைக் கிலோவை நெருங்கிவிடும். எஃப்/1.8 பிரைம் லென்ஸ் எஃப்/5.6-ஐவிடப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கருவறை முன்மண்டபத்திலும் கல்யாண மண்டபத்திலும் அந்தப் பத்து மடங்குக்கு ஈடாக எதுவும் இல்லை. நடுக்கத்தைக் குறைக்கும் வசதி உங்கள் கை ஆட்டத்தைத்தான் அடக்கும். மாப்பிள்ளை திரும்புவதை அடக்காது.

இன்னொன்றை அட்டைப் பெட்டி சொல்லாது. 200 என்பது தூரத்துப் பொருளுக்கு மட்டும் உண்மை. அதே நிக்கான் லென்ஸில் மிக அருகே, அதாவது அரை மீட்டரில், பிம்பம் பொருளின் 0.22 மடங்கு. ஒற்றை லென்ஸாகப் பாவித்து, மெழுகுவத்திச் சோதனையின் கணக்கையே போட்டால் குவியத் தூரம் 74 மி.மீ. அளவுக்குத்தான் வருகிறது. ஃபோகஸ் செய்ய உள்ளே கண்ணாடிகள் நகரும்போது குவியத் தூரமும் சேர்ந்து சுருங்குகிறது. ஏமாற்று என்று இதைச் சொல்லமாட்டேன், ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் நீளாமல் இருக்கக் கொடுத்த விலை. பூவையும் பூச்சியையும் மட்டுமே எடுப்பவர் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கவேண்டும்.

ஷார்ப்னஸ் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். எஃப்/8-க்கு வந்துவிட்டால் ஒளியின் விளிம்பு விளைவே ஒரு புள்ளியை ஏறத்தாழ 11 மைக்ரான் வட்டமாகப் பரப்பிவிடும். இந்த லென்ஸ் பொருந்தும் வகைக் கேமராவில் 24 மெகாபிக்சல் சென்சாரின் ஒரு பிக்சல் ஏறத்தாழ 4 மைக்ரான். விலை உயர்ந்த லென்ஸும் அதே இயற்பியலுக்குத்தான் கட்டுப்படவேண்டும். பகல் வெளிச்சத்தில் எடுத்து, A4 அளவில் அச்சிட்ட இரண்டு படங்களை நடுவில் பார்த்து, எது எந்த லென்ஸ் என்று சொல்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

தஞ்சாவூர்க்காரருக்கு ஒரு கணக்கு. பெரிய கோயில் விமானம் 216 அடி என்பார்கள். சுமார் 50 மீட்டர் தள்ளி நின்று, கேமராவை நிமிர்த்திப் பிடித்தால், 18 மி.மீ.யில் முழு விமானமும் அடங்கும். நின்ற இடத்திலேயே 200-க்குத் திருகினால் சட்டத்துக்குள் 6 மீட்டர் உயரம்தான் இருக்கும். மேல்தளத்துச் சிற்பம் ஒன்று கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். புழுதிக் காற்றில் லென்ஸைக் கழற்றவே இல்லை. இரண்டு பிரைம்கள் இதைச் செய்யாது.

ஆக, உங்கள் நண்பர்களைக் கேட்பதைவிட உங்கள் படங்களைக் கேளுங்கள். ஒவ்வொரு படக் கோப்பிலும் எந்த மி.மீ.யில் எடுத்தது என்பது பதிவாகியிருக்கும். கடைசி ஆயிரம் படங்களைக் கணினியில் அந்த வரிசையில் அடுக்குங்கள். 18 முதல் 200 வரை பரவிக் கிடந்தால் லென்ஸ் உங்களுடையது, விற்காதீர்கள். பெரும்பகுதி 35, 50 பக்கம் குவிந்து, அதிலும் ஐ.எஸ்.ஓ. 3200-க்கு மேல் ஏறியவை நிறைய இருந்தால், நீங்கள் ஆட்டுக்கல்லில் சட்னி அரைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எல்லாம் 200-இலேயே முட்டிக்கொண்டு நின்றால் உங்களுக்கு வேண்டியது பறவை எடுக்கும் லென்ஸ்.

மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுவதற்காக விற்பவர்களுக்கு: நிக்கான் 2018-இல் இஸட் மவுண்ட்டுடன் கொண்டுவந்த எஃப்.டி.இஸட். அடாப்டரில், உள்ளேயே மோட்டார் கொண்ட அந்த நிக்கான் 18-200-இன் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். மாறுவது மட்டும் விற்கக் காரணமாகாது.

'விற்கவும் மனசில்லை, மாட்டவும் இல்லை' என்று பீரோவில் பூட்டிவைப்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. ஜூம் செய்யும்போது நீண்டு சுருங்கும் இந்தக் குழல், துருத்தி மாதிரி வெளிக்காற்றை உள்ளிழுத்திருக்கும். அதோடு தூசியும் ஈரமும் வந்திருக்கும். இருட்டும் புழுக்கமும் சேர்ந்தால் பங்கஸ் கண்ணாடி மேல் வேர்வலை போலப் படரும். அது கசியும் அமிலம் பூச்சையே அரித்துவிடும். அதன்பின் வைத்துக்கொள்ளவும் முடியாது, விற்கவும் முடியாது. வைத்துக்கொள்வதானால் சிலிக்கா ஜெல் போட்டுக் காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள், வாரம் ஒருமுறையாவது வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். விற்பதானால் பின்பக்கமாக டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். செங்கல் சுவர் ஒன்றை நேர் எதிரே நின்று 18, 50, 200 மூன்றிலும் எடுத்து, இடது வலது ஓரங்கள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். வாங்குபவர் கேட்கும் முன் நீங்களே காட்டுவது நல்லது.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. ஜூம் ரிங்கை 35-இல் நிறுத்தி, ஒரு துண்டு டேப் ஒட்டி, ஒரு வாரம் அப்படியே படம் எடுங்கள். டேப்பைப் பிய்க்கக் கை எத்தனை முறை போனது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.