தொட்டியில் பருப்புக்கீரை

எங்கள் சிறுநீரகப் பிரிவுக்கு வருவோரில் சிலர், வீட்டுத் தொட்டியில் வளரும் பருப்புக்கீரையை உண்ணலாமா என வினவுகின்றனர்.

வளர்ப்பது எளிது. தண்டும் இலையும் நீரைச் சேமித்து வைப்பவை. அன்றாடம் நீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். அடியில் துளையுள்ள தொட்டி, மணல் கலந்த மண், 5 அல்லது 6 மணி நேர வெயில் போதும். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் விடுங்கள். அடித்தட்டில் நீர் தேங்கினால் டெங்குக் கொசு முட்டையிடும்.

பறிக்குமுன் தண்டை ஒடித்துப் பாருங்கள். பால் வடிந்தால் அது வேறு களை, பருப்புக்கீரை அன்று.

உண்பதில்தான் எச்சரிக்கை தேவை. இக்கீரையில் ஆக்சலேட்டும் பொட்டாசியமும் மிகுதி. ஆக்சலேட், சிறுநீரில் கால்சியத்துடன் சேர்ந்து கல்லாகக்கூடும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கோ, பொட்டாசியம் இரத்தத்தில் தங்கி இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துக் கொட்டினால் இரண்டும் ஓரளவு குறையும்; முற்றிலும் நீங்கா. எனவே, முன்பு சிறுநீரகக் கல் வந்தவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் தம் மருத்துவரைக் கேட்காமல் இதனை உண்ண வேண்டாம். 'பூச்சிமருந்து அடிக்காதது, நம் வீட்டில் விளைந்தது' என்று பலரும் கூறுகின்றனர். உண்மைதான், ஆயினும் பொட்டாசியம் அதனால் குறைந்துவிடுவதில்லை. பச்சையாக அரைத்துச் சாறாகக் குடிப்பதை இவர்கள் அறவே தவிர்க்க வேண்டும். செடி வளர்க்கத் தடையில்லை. கீரையை வீட்டில் நலமாக உள்ள மற்றவர்கள் உண்ணட்டும்.