அணைந்த கணினியை அடுத்த தீவிலிருந்து எழுப்புவது எப்படி?

கராச்சர்மாவில் இயங்கும் மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கார் நிக்கோபாரில் வேளாண் அறிவியல் நிலையம் இருப்பதைப் போல, அந்தமான் நிக்கோபாரில் ஓர் அலுவலகத்தின் தலைமையிடம் ஒரு தீவிலும் கிளை மற்றொரு தீவிலும் அமைவது இயல்பு. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் வேறு ஏழு தீவுகளுக்கும் செல்லும் ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளக் கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டதால், கிளைக் கணினிகளைத் தலைமையிடத்திலிருந்தே பராமரிக்கும் வாய்ப்பு பெருகியுள்ளது. ஆயினும், அணைத்துவைத்த கணினியை வலை வழியே இயக்கும் ‘வேக்-ஆன்-லேன்’ நுட்பம், ஒரே கட்டடத்தில் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, வேறு வலைப்பகுதிக்கு அனுப்பும்போது பெரும்பாலும் பயனற்றுப் போகிறது.

இதற்காக அனுப்பப்படும் ‘மேஜிக் பாக்கெட்’ 102 பைட் அளவுள்ளது. எல்லா பிட்டும் 1 ஆக உள்ள 6 பைட்டுகளை அடுத்து, வலை அட்டையின் அடையாள எண்ணான மேக் முகவரி 16 முறை வரும். அணைந்த கணினியால் தன் ஐபி முகவரியைத் தெரிவிக்க இயலாது என்பதால், பாக்கெட் அந்தப் பகுதியிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பொது அறிவிப்பாகச் செல்கிறது. பொது அறிவிப்பை அடுத்த பகுதிக்குக் கடத்தாமல் நிறுத்துவது ரவுட்டரின் இயல்பு. வெளியிலிருந்து ஒரு பகுதி முழுவதற்கும் அறிவிப்பு அனுப்பும் வசதியை ‘ஸ்மர்ஃப்’ தாக்குதல்கள் தவறாகப் பயன்படுத்தியதால், ரவுட்டர்களில் அதை இயல்பாகவே மூடிவைக்க வேண்டுமென 1999இல் இணையத் தரநிலை மாற்றப்பட்டது.

கோளாறைத் தேடுபவர் முதலில் அதே பகுதியிலுள்ள இன்னொரு கணினியிலிருந்து பாக்கெட்டை அனுப்பிப் பார்க்க வேண்டும். அப்போதும் எழாவிட்டால், பயாஸ் அமைப்பையும் விண்டோசின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியையும், அணைத்த பிறகும் கேபிள் செருகும் இடத்தில் விளக்கு எரிகிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். கணினியின் ஐபி முகவரிக்கே அனுப்பும்போது, அணைத்த சிறிது நேரம் வரை எழுந்து பின்னர் எழாமற்போனால், ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் குறித்துவைக்கும் ரவுட்டரின் ஏஆர்பி அட்டவணையில் அப்பதிவு காலாவதியாகியிருக்கும்.

பொது அறிவிப்பு வசதியைத் திறப்பதானால், அனுப்பும் கணினியின் முகவரிக்கு மட்டும் அனுமதியளித்துத் திறப்பது அவசியம். அதனினும் பாதுகாப்பானது, கிளைதோறும் எப்போதும் இயங்கும் சிறு கணினி ஒன்றை வைத்து, தலைமையிடத்தின் கட்டளையை ஏற்று அதுவே உள்ளூரில் பாக்கெட்டை அனுப்பும்படி செய்வதாகும். ஒரு பொத்தானை அழுத்துவதற்காகக் கப்பலேற வேண்டிய தீவு அலுவலகங்களுக்கு இதுவே ஏற்ற ஏற்பாடு.