படைக்கலக் களைவும் கடத்தல் தடுப்பும்: 1801 முதல் 2019 வரை தமிழகப் பின்புலத்தில் ஒரு நோக்கு

முன்னுரை

முப்புரத்தை ஈசன் சிரித்தே எரித்தான் என்னும் தொன்மத்திற்குரிய தலம் கெடிலக் கரைத் திருவதிகை வீரட்டானம். கர்நாடகப் போர்க்காலத்தில் இக்கோயிலே கோட்டையாகப் பயன்பட்டது. 1750இல் பிரெஞ்சுப் படை அதனைக் கைப்பற்றியது. ஆங்கிலேய, பிரெஞ்சுக் கம்பெனிகள் தத்தம் சார்பு ஆட்சியாளர்களுக்குப் படையும் படைக்கலமும் வழங்கிய காலம் அது. இவ்வாறு பெருகிய படைக்கலங்களைக் குடிமக்களிடமிருந்து களையும் முயற்சி எவ்வாறு தொடங்கி, இன்று எந்நிலையை எட்டியுள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1801ஆம் ஆண்டு அறிவிக்கை

மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24இலும் ஊமைத்துரை நவம்பர் 16இலும் தூக்கிலிடப்பட்டனர். அதனைத் தொடர்ந்து, டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் விடுத்த அறிவிக்கை, பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் மக்கள் படைக்கலங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. பாளையக்காரர்களின் காவற்பொறுப்பும் அதற்குரிய வருவாயும் கம்பெனியின் வசமாயின. எனவே இக்களைவு பொது அமைதியை மட்டும் நோக்கியதன்று; படைவலிமை ஆட்சியாளர் ஒருவரிடமே குவிவதற்கு வழிவகுத்தது.

உரிமமும் பாகுபாடும்

1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உரிம முறையை நாடெங்கும் நிலைநாட்டியது. ஆயினும் அதன் கீழ் ஐரோப்பியருக்கு விலக்கு அளிக்கப்பட்டதால், இந்தியர் அதனை இழிவாகக் கருதினர். 1931ஆம் ஆண்டுக் கராச்சி காங்கிரஸ் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமையாக அறிவித்தது. விடுதலைக்குப்பின் அரசியலமைப்பு வேறு நிலையை மேற்கொண்டது. அதன் 19ஆம் உறுப்பு, படைக்கலமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையே வழங்குகிறது.

கடத்தல் தடுப்பு

1959ஆம் ஆண்டுச் சட்டம் அடையாளக் குறியில்லாத துப்பாக்கிகளின் விற்பனையைத் தடைசெய்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, மிகையானதை ஓராண்டிற்குள் ஒப்படைக்கப் பணித்தது. சட்டவிரோதக் கடத்தலை வரையறுத்து, பத்தாண்டு முதல் வாழ்நாள் வரையிலான சிறைத்தண்டனையையும் விதித்தது. 2001இல் ஐக்கிய நாடுகள் அவையில் ஏற்கப்பட்ட சிறு படைக்கலச் செயல்திட்டமும் குறியிடல், பதிவேடு, தடம்காணல் ஆகிய மூன்றையே வலியுறுத்துகிறது.

எனினும் இம்முறையில் ஓர் இடைவெளி உள்ளது. கள்ளத்தனமாகச் செய்யப்படும் நாட்டுத் துப்பாக்கிக்கு எண்ணும் இல்லை, பதிவும் இல்லை. ஆதலின் உரிமம் பெற்றோரின் எண்ணிக்கையைக் குறைப்பதால் மட்டும் அதன் புழக்கம் குறைவதில்லை. செய்பவர், விற்பவர், வெடிமருந்து தருபவர் என்னும் தொடரைக் கண்டறிதல் இன்றியமையாதது. பயிர்க்காவலுக்கோ வேட்டைக்கோ அதனை நம்பியிருப்போர்க்கு, அச்சமின்றி ஒப்படைக்கும் வாய்ப்பும் மாற்றுவழியும் தேவை.

முடிவுரை

1801இன் களைவு தண்டனை அச்சத்தின்மீதும், 1878இன் கட்டுப்பாடு பாகுபாட்டின்மீதும் நின்றன. இன்றைய சட்டம் அனைவருக்கும் பொதுவானது. அதன் வலிமையும் அதுவே. ஒப்படைக்கும் குடிமகன் தன் பாதுகாப்பை அரசு ஏற்கும் என நம்பும்போதுதான் படைக்கலக் களைவு நிலைபெறும். அந்நம்பிக்கையின்றிப் பறிக்கப்படும் துப்பாக்கியின் இடத்தை மற்றொன்று நிரப்பக்கூடும்.