அம்மா குரலும் ஒரு ப்ரீஆம்ப்பும்: வீட்டில் வார்மாக ரெக்கார்ட் செய்வது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "ரெக்கார்ட் பண்ணினா என் குரல் மெல்லிசா, குத்துற மாதிரி கேட்குது. வார்மா வரணும்னா எந்த ப்ரீஆம்ப் வாங்கலாம்?"

பதிலை முதலிலேயே சொல்லிடறேன். உங்களில் பெரும்பாலானவங்க இப்போதைக்கு ப்ரீஆம்ப் எதுவும் வாங்க வேண்டாம். ஏன்னு சொல்லணும்னா, நான் 11,000 ரூபாயைத் தண்டம் அழுத கதையைச் சொல்லணும்.

எங்க அம்மா ஸ்கூல்ல பாட்டு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. அவங்க பாடின பாட்டுன்னு ஒரு நல்ல பதிவுகூட வீட்டில் இல்லை. கல்யாண வீடியோ, கொலு வீடியோ, பின்னாடி மிக்ஸி சத்தம், அவ்வளவுதான். பத்துப் பாட்டாவது ஒழுங்கா எடுத்து வைக்கணும்னு ஒரு பட்ஜெட் கண்டென்சர் மைக்கும், இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கினேன். இடம் என் ரூம். பத்துக்குப் பதினொன்று, தரை முழுக்க டைல்ஸ், வெறும் சுவர். மைக் பக்கத்தில் வந்தாலே அம்மாவுக்குக் கூச்சம் என்பதால் ஒரு முழம் தள்ளி வைத்தேன்.

பாடி முடிச்சதும் ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். முழுசாக் கேட்டாங்க. கழற்றி வைத்துவிட்டு, "வயசாயிடுச்சுடா. குரல் போயிடுச்சு" என்றார்கள். அதுக்கப்புறம் சமையலறையில்கூடப் பாடறதை நிறுத்திட்டாங்க.

குரல் போகலை. அன்னிக்குக் காலையில்தான் தோசை ஊத்திக்கிட்டே பாடினதைக் கேட்டேன். தப்பு என் பக்கம். ஆனா எங்கே தப்புன்னு தெரியலை. நாலு வீடியோ பார்த்தேன். நாலிலும் "வார்ம்த் வேணும்னா ட்யூப்" என்றார்கள். செகண்ட் ஹேண்டில் ஒரு ட்யூப் ப்ரீஆம்ப் வாங்கினேன். உள்ளே ஆரஞ்சு வெளிச்சம் வரும், பார்க்க ரொம்ப அழகு. சத்தம் அப்படியேதான் இருந்தது, கூடவே கொஞ்சம் இரைச்சல்.

சரி, வார்ம்னா என்ன? காதால் யோசிப்போம். அம்மா பாடறது நாலரைக் கட்டை. அந்த ஸட்ஜம் கிட்டத்தட்ட 185 ஹெர்ட்ஸ். குரலோட சதைப்பிடிப்பு அங்கே ஆரம்பித்து 400, 500 ஹெர்ட்ஸ் வரை இருக்கு. 3,000 முதல் 8,000 வரைக்கும் எழுத்துகளின் தெளிவும், 'ஸ' மாதிரி சீறுகிற ஒலிகளும். கீழே நிறைவா இருந்து, மேலே குத்தாம இருந்தா அதைத்தான் நாம வார்ம்னு சொல்றோம். வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்க்கிற மெல்லிய ஹார்மோனிக்ஸும் இதில் உண்டு, ஆனா அது கடைசியில் தூவுகிற கொத்தமல்லி. குழம்பே சரியில்லாதப்போ தழை போட்டு என்ன ஆகப்போகுது?

என் குழம்பைக் கெடுத்தது ரூம். உங்க அறை நடுவில் நின்று ஒரு தடவை கையைத் தட்டிப் பாருங்க. 'டிங்' என்று உலோக மாதிரி ஒரு வால் கேட்குதா? அது உங்க குரலின் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னாலேயே போகும். டைல்ஸும் சுவரும் மேல் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பும். மைக் ஒரு முழம் தள்ளி இருந்தா அதுக்கு அம்மாவும் கேட்கும், நாலு சுவரும் கேட்கும்.

அதனால முதல் மாற்றம் தூரம். ஒரு முழத்திலிருந்து ஒரு சாணுக்கு வந்தால், அதாவது தூரம் பாதியானால், நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். சாண் அரைச் சாண் ஆனால் இன்னொரு 6. சுவரிலிருந்து திரும்பி வருவது ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். இன்னொரு பரிசும் இருக்கு: கார்டியாய்டு மைக் கிட்டே போகப் போக அடிப்பக்கத்தைக் கூட்டிக் காட்டும். ப்ராக்ஸிமிட்டி எஃபெக்ட்னு சொல்வாங்க. ரேடியோ ஆர்ஜேக்களோட அந்தக் கனமான குரலில் இதுக்குப் பெரிய பங்கு. காசு கொடுக்காம கிடைக்கிற வார்ம்த் இதுதான். அளவு மீறினா குடத்துக்குள் பேசுற மாதிரி ஆகும், அப்போ நாலு விரல் பின்னாடி வாங்க.

வாய்க்கு நேரே வைக்காம, மைக்கை 20, 30 டிகிரி பக்கவாட்டில் வையுங்க. காற்று மைக்கைத் தாண்டிப் போயிடும். தமிழ்ல 'ப' சொல்லும்போது இங்கிலீஷ் 'பி' அளவுக்குக் காற்று வராது, அது நமக்கு ஒரு லாபம். தெலுங்குக் கீர்த்தனையோ ஹிந்திப் பாட்டோ எடுத்தீங்கன்னா அழுத்தமான 'ப' எல்லாம் மைக்கில் வந்து இடிக்கும். ஒரு பாப் ஃபில்டர் போட்டுக்கோங்க. பாடுறவங்க அதைத் தாண்டி முன்னே வர முடியாது, தூரமும் மாறாம இருக்கும். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது தலையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கச் சொல்லுங்க. மேடையில் பாடிப் பழகினவங்களுக்கு இது தானாவே வரும்.

அடுத்து, சத்தத்தை உறிஞ்ச ஏதாவது வேணும். இதை எங்கே வைக்கிறதுன்னுதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. மைக்குக்குப் பின்னாடி அரை வட்டமா ஒரு ஃபோம் கேடயம் வாங்கி மாட்டுவாங்க. கார்டியாய்டு மைக் பின்பக்கம் குறைவாத்தான் கேட்கும். அது பார்த்துக்கிட்டிருக்கிறது பாடுறவங்களையும், அவங்களுக்குப் பின்னாடி இருக்கிற சுவரையும். அதனால பாடுறவங்க முதுகுக்குப் பின்னாடி வையுங்க. எங்க வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்தேன். கீழே ஜமுக்காளம். முட்டை அட்டை ஒட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை: அதனால் பெரிசா எதுவும் நடக்காது. மெல்லிசான ஃபோம் உச்சத்து ஒலியை மட்டும் தின்றுவிட்டு நடு ஒலியை விட்டுடும், அறை டப்பா மாதிரி கேட்கும். கனமான பஞ்சுக்கு மரியாதை கொடுங்க. மைக்கோட முதுகு தெருப் பக்க ஜன்னலைப் பார்க்கட்டும். ஃபேனை நிறுத்துங்க. வேர்க்கும், வேற வழியில்லை.

இதை மட்டும் செய்துவிட்டு, அதே மைக், அதே இன்டர்ஃபேஸ், ட்யூப் ப்ரீஆம்ப் இல்லாமல் எடுத்தேன். கேட்டுப் பாருங்க. குரல் என்னுடையது, அம்மா அவங்க குரலைப் போட அனுமதி தரலை.

(இரண்டு பதிவுகள் ஒலிக்கின்றன: ஒரு முழம் தள்ளி, வெறும் சுவர், ஒரு சாண் தூரம், பின்னால் மெத்தை.)

இரண்டாவதில் ஈக்யூ எதுவும் போடலை. சத்தியமா.

இப்போ மைக். அறையும் தூரமும் சரியான பிறகும் 'ஸ' சீறுதுன்னா மைக்கைச் சந்தேகப்படலாம். இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. நாய்மன் கம்பெனி 1960-ல் கொண்டுவந்த யூ67 மைக்கில் உள்ள கேப்சூல் இயல்பாவே உச்சத்து ஒலியை உயர்த்திக் காட்டும். உள்ளே இருக்கிற சர்க்யூட் அதைத் தட்டிச் சமன் செய்யும். 1967-ல் வந்த யூ87-லும் அதே யோசனைதான். பின்னாளில் வந்த நிறைய மலிவு கண்டென்சர்களில் அந்தக் கேப்சூலோட நகல் இருக்கும், சமன் செய்கிற பகுதி இருக்காது. கடையில் அஞ்சு நிமிஷம் கேட்கும்போது 'ஆஹா, எவ்வளவு கிளியர்!'னு தோணும். வீட்டில் நாலு ட்ராக் அடுக்கினா பல் கூசும்.

கூர்மையான குரல், எதிரொலிக்கிற அறைன்னா டைனமிக் மைக் பக்கம் போங்க. ஷூர் எஸ்எம்58, 1966-லிருந்து வருது, மேடையில் நீங்க பார்க்கிற அதே மைக்தான். 'டைனமிக் மைக் அறைச் சத்தத்தை எடுக்காது'ன்னு சொல்றது பாதி உண்மை. அதை நாம வாய்க்குப் பக்கத்தில் வைக்கிறோம், உச்சத்து ஒலியையும் அது குறைவா எடுக்கும், அதனாலதான். கண்டென்சரையும் அதே தூரத்தில் வைத்தால் வித்தியாசம் ரொம்பச் சுருங்கிடும். அமுங்கின, காற்று கலந்த குரலா? அப்போ கண்டென்சர் உங்களைத் தூக்கிவிடும். உங்க குரலில் கேட்காம வாங்காதீங்க. பாண்டுல பாடுற ஒரு ஃப்ரெண்டிடம் ஒரு வாரம் கடன் கேளுங்க. நானும் அப்படித்தான் ஒரு எஸ்எம்58 வாங்கி வந்தேன். அம்மா குரலுக்கு அது சட்டுனு உட்கார்ந்தது.

எல்லாரும் கேட்கிற எஸ்எம்7பி? அதோட முன்னோடி எஸ்எம்7-லதான் புரூஸ் ஸ்வீடியன், மைக்கேல் ஜாக்சனை 'த்ரில்லர்' ஆல்பத்துக்கு ரெக்கார்ட் செய்தார். அருமையான மைக். ஆனா ப்ரீஆம்ப் கேள்வி நிஜமாவே அர்த்தமாகிற இடமும் இதுதான்.

மைக்கிலிருந்து வர்றது சில மில்லிவோல்ட். அதை வோல்ட் கணக்குக்கு உயர்த்துறது ப்ரீஆம்ப். 60 டெசிபல் கெயின் என்றால் ஆயிரம் மடங்கு. ஒரே அளவு சத்தத்துக்கு ரோட் என்டி1-ஏ மாதிரி கண்டென்சர் 25 மில்லிவோல்ட் கொடுக்கும், எஸ்எம்7பி 1.12. வித்தியாசம் சுமார் 27 டெசிபல். ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறையில் இருக்கிற கெயின் 56 டெசிபல். எஸ்எம்7பி-க்குச் சுமார் 60 வேணும், மெதுவாப் பாடினா இன்னும் அதிகம். குமிழை முழுக்கத் திருகினாலும் போதாது. அப்போ சுமார் 25 டெசிபல் சேர்க்கிற கிளவுட்லிஃப்டர் மாதிரி பூஸ்டரோ, நல்ல ப்ரீஆம்ப்போ நியாயமான செலவு. அதே 2ஐ2 நான்காம் தலைமுறையில் 69 டெசிபல் இருக்கு, அது கையில் இருந்தா இந்தச் செலவும் இல்லை. கண்டென்சர் வச்சிருக்கிறவங்களுக்கு கெயின் பஞ்சமே கிடையாது.

சரி, அந்த நீவ் 1073 வார்ம்த்? அது உண்மைதான். 1970-ல் வந்த டிசைன், உள்ளேயும் வெளியேயும் டிரான்ஸ்ஃபார்மர், கொஞ்சம் அழுத்தி ஓட்டினா குரல் தடிக்கும். விலை நம்ம பேச்சில் இல்லை. மலிவு ட்யூப் பெட்டிகள் சிலதில் வால்வுக்கு அது கேட்கிற நூற்றுக்கணக்கான வோல்ட்டைக் கொடுக்காம, சில பத்து வோல்ட்டில் ஓட்டுவாங்க. வெளிச்சம் வரும், அந்தப் பழைய ஸ்டூடியோ குணம் வராது. என் கேஸில் இன்னொரு கூத்து: அந்தப் பெட்டியின் அவுட்புட்டை இன்டர்ஃபேஸோட மைக் இன்புட்டில் செருகியிருந்தேன். ப்ரீஆம்ப் மேல ப்ரீஆம்ப். வெளி ப்ரீஆம்ப் வச்சிருக்கிறவங்க லைன் இன்புட்டுக்குப் போங்க, இரைச்சலில் பாதி அங்கேயே போயிடும்.

லெவல் பற்றி ஒரே வரி: 24 பிட், உச்சம் மைனஸ் 12-லிருந்து மைனஸ் 10-க்குள் இருந்தா போதும், சிவப்பு விளக்கைத் தொட வேண்டாம்.

அம்மாவை மறுபடி உட்கார வைக்க மூணு வாரம் ஆச்சு. மெத்தையைப் பார்த்துச் சிரிச்சாங்க. "இதென்ன, பிரசவ வார்டு மாதிரி?" மத்தியானம் மூணு மணி, கடன் வாங்கின எஸ்எம்58, ஒரு காதில் மட்டும் ஹெட்போன், அதில் தம்பூரா. பாடி முடிச்சதும் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாங்க.

"இரண்டாவது சரணத்துல சுருதி இறங்குதுடா. இன்னொரு தடவை எடு."

அன்னிக்கு நாலு டேக் போச்சு. அந்த ட்யூப் பெட்டியை வித்துட்டேன், 7,000-க்கு. வாங்கினவர்கிட்ட லைன் இன்புட் விஷயத்தை மட்டும் சொல்லி அனுப்பினேன்.

உங்க ரூமில் முதலில் இப்போ இருக்கிற மாதிரியே முப்பது செகண்ட் பாடுங்க. பிறகு சாண் தூரம், முதுகுக்குப் பின்னாடி மெத்தை, இன்னொரு முப்பது செகண்ட். ரிவர்ப் போடாம இரண்டையும் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சிலதை ஒலிபரப்பிப் பேசலாம்.