லெட்சுமியா, லக்ஷ்மியா? பாட்டி பேரில் பிழை இல்லை

பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் உங்க பாட்டி பேரு லெட்சுமியா? அவங்க அடையாள அட்டையில் அது 'எல்-இ-டி-சி-எச்-யு-எம்-ஐ' என்று இருக்கலாம். அது தப்பில்லைங்க.

எப்படி வந்தது?

வடமொழியில் 'லக்ஷ்மி' என்றால் முதலில் அடையாளம், பிறகு நற்பேறு, செல்வம். தமிழில் இலக்குமி, இலட்சுமி, திருமகள். பேச்சில் லெட்சுமி ஆச்சு. மலேசியாவில் அந்த உச்சரிப்பே ரூமி எழுத்திலும் பதிவானது.

ஏன் கவனிக்கணும்?

பாட்டிக்கு விமான டிக்கெட் போடும்போது பேரைத் 'திருத்தி' எழுதிடாதீங்க. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கணும்.

பாப்பாவுக்கும் அதே பேரா? தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாளுக்குள் பதியணும். எழுத்துக்கூட்டலை அதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்க.