இ.டி.எஃப். வாங்கப் போறீங்களா? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க!

சூப்பர் மார்க்கெட்டில் 'சாம்பார் காய்' என்று ஒரு பாக்கெட் விற்பார்கள். முருங்கை, கத்தரி, கேரட், பூசணித் துண்டு எல்லாம் கலந்து ஒரே விலை. அதை யாரும் அப்படியே எடுத்துப் பையில் போடுவதில்லை. திருப்பிப் பார்ப்போம். அடியில் அழுகல் இருக்கிறதா, பூசணியே பாதி இடத்தை அடைத்திருக்கிறதா, தனித்தனியாக வாங்கினால் இதைவிடக் குறையுமா என்று மனக்கணக்குப் போடுவோம்.

50 ரூபாய் பாக்கெட்டுக்கு இத்தனை பார்க்கிற நாம், பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்காகச் சேர்த்த 5 லட்சத்தை இ.டி.எஃப்.பில் போடும்போது, "போன வருஷம் எத்தனை பர்சன்ட் ஏறுச்சு?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம்.

இ.டி.எஃப். என்பதும் ஒரு கலவைப் பாக்கெட்தான். ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைத்து, அந்த மொத்தத்தைச் சிறு சிறு யூனிட்டுகளாகப் பிரித்துப் பங்குச் சந்தையில் விற்கிறார்கள். இந்தியாவின் முதல் இ.டி.எஃப். 'நிஃப்டி பீஸ்', 2001 டிசம்பரில் அறிமுகமானது.

"இ.டி.எஃப்.புக்கு ஏது லாபம், ஏது கடன்? அதை எப்படி அலசுவது?" என்று கேட்கலாம். இ.டி.எஃப்.புக்கு லாபம் இல்லை; ஆனால், உள்ளே இருக்கும் நிறுவனங்களுக்கு உண்டு. அவற்றின் லாபத்தில் ஒரு துளியைத்தான் நீங்கள் விலை கொடுத்து வாங்குகிறீர்கள். அந்த விலை நியாயமா என்று பார்ப்பதுதான் ஃபண்டமென்டல் அனாலிசிஸ்.

உள்ளே யார் இருக்கிறார்கள்?

நிஃப்டி 50 என்றதும் 50 நிறுவனங்களிலும் நம் பணம் சமமாகப் பிரிகிறது என்று தோன்றும். அப்படியில்லை. பெரிய நிறுவனத்துக்குப் பெரிய பங்கு. முதல் 10 நிறுவனங்களே பாதிக்கும் மேல் பிடித்துக்கொள்கின்றன. வங்கி, நிதித் துறைக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகிறது. ஆகவே, நிஃப்டி இ.டி.எஃப்.போடு ஒரு வங்கி இ.டி.எஃப்.பும் வாங்கி "பணத்தைப் பிரித்துப் போட்டுவிட்டேன்" என்று நிம்மதி அடைந்தால், அதே வங்கிகளை இரண்டு முறை வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு துறையை மட்டும் பின்பற்றும் இ.டி.எஃப்.பில் ஒரே நிறுவனம் 35% வரை இருக்க செபி விதி அனுமதிக்கிறது.

தள்ளாடும் நிறுவனத்தைக் குறியீடு ஒருநாள் வெளியேற்றும் என்பதும் உண்மை. 2009 ஜனவரியில் சத்யம், 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் நிஃப்டியிலிருந்து நீக்கப்பட்டன. ஆனால், விலை விழுந்த பிறகுதான் அது நடந்தது. அதுவரை அந்த நஷ்டமும் நம்முடையதே.

என்ன விலை கொடுக்கிறோம்?

ஒரு யூனிட் 28 ரூபாய், இன்னொன்று 280 ரூபாய் என்றால் முதலாவது மலிவு என்று நினைப்பது பரவலான தவறு. யூனிட்டை எத்தனை துண்டாக வெட்டினார்கள் என்பதைத்தான் அந்த விலை சொல்கிறது. மலிவா, விலை அதிகமா என்று காட்டுவது பி.இ. விகிதம். அதாவது, 1 ரூபாய் ஆண்டு லாபத்துக்கு எத்தனை ரூபாய் கொடுக்கிறோம் என்ற கணக்கு. பி.இ. 22 என்றால், நாம் போடும் 100 ரூபாய்க்குப் பின்னால் இன்றைய தேதியில் சுமார் 4.50 ரூபாய் லாபம் இருக்கிறது. ஃபிக்ஸட் டெபாசிட் வட்டியைவிட இது குறைவு. அந்த லாபம் வருங்காலத்தில் வளரும் என்று நம்பித்தான் அந்த விலையைக் கொடுக்கிறோம்.

பல பங்குகள் உள்ள இடத்தில் பி.இ.யைச் சாதாரணச் சராசரியாகப் போடக்கூடாது. 100 ரூபாயில் 50 ரூபாய் பி.இ. 10 உள்ள பங்கிலும், 50 ரூபாய் பி.இ. 40 உள்ள பங்கிலும் இருப்பதாக வையுங்கள். சராசரி 25 என்று தோன்றும். ஆனால், முதலாவதன் லாபம் 5 ரூபாய், இரண்டாவதன் லாபம் 1.25 ரூபாய், மொத்தம் 6.25. நூறை 6.25ஆல் வகுத்தால் உண்மையான பி.இ. 16தான்! நல்லவேளை, இந்தக் கணக்கை நாம் போட வேண்டியதில்லை. நிஃப்டி குறியீடுகளின் பி.இ., பி.பி., டிவிடெண்ட் யீல்டு மூன்றும் அவற்றின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இதைப் பார்ப்பதால் என்ன லாபம்? 2008 ஜனவரியில் நிஃப்டி 6,287 புள்ளிகளில் முடிந்தபோது பி.இ. சுமார் 28. அதே ஆண்டு அக்டோபரில் 2,524 புள்ளிகளுக்கு விழுந்தபோது சுமார் 11. உச்சத்தில் மொத்தப் பணத்தையும் போட்டவர், 2010 நவம்பரில் ஓரிரு நாள் அந்த உயரத்தைப் பார்த்தார். நிலையாகத் தாண்டியதைப் பார்க்க 2014 வரை காத்திருந்தார். அக்டோபரில் வாங்கியவருக்கோ இரண்டே ஆண்டில் இரண்டரை மடங்கு. இருவரும் வாங்கியது அதே 'பாக்கெட்'. கொடுத்த விலைதான் வேறு.

ஒரு எச்சரிக்கை. பழைய பி.இ.யை இன்றைய பி.இ.யோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள். 2021 மார்ச் 31 முதல் துணை நிறுவனங்களின் லாபத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அன்று நிஃப்டியின் பி.இ. சுமார் 40லிருந்து சுமார் 33ஆக இறங்கியது. பங்குகள் திடீரென மலிவாகிவிடவில்லை. கணக்குப் போடும் முறை மாறியது.

மலிவாகத் தெரிவதெல்லாம் மலிவா?

2014இல் மத்திய அரசு தன் பொதுத்துறை நிறுவனப் பங்குகளைச் சேர்த்து சி.பி.எஸ்.இ. இ.டி.எஃப். கொண்டுவந்தது. (பள்ளிப் பாடத்திட்டம் இல்லைங்க!) பி.இ. குறைவு, டிவிடெண்ட் அதிகம். ஆனாலும், வாங்கியவர்கள் பல ஆண்டுகள் பொறுமையைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது; 2020க்குப் பிறகுதான் அது வேகமெடுத்தது. எண்ணெய், உலோகம், நிலக்கரி போன்ற துறைகளில் லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பி.இ. மிகக் குறைவாகத் தெரியும். அடுத்த ஆண்டு லாபம் சரிந்தால் அந்த மலிவும் காணாமல் போகும்.

அதனால் தரத்தையும் பாருங்கள். பி.பி.யை பி.இ.யால் வகுத்தால், உள்ளே உள்ள நிறுவனங்கள் தங்கள் மூலதனத்தின் மீது எவ்வளவு சம்பாதிக்கின்றன என்பது தெரிந்துவிடும். பி.பி. 3, பி.இ. 20 என்றால் 15%. அதே பி.இ. உள்ள இரண்டு இ.டி.எஃப்.களில் இது எதில் அதிகமோ, அதன் நிறுவனங்கள் கூடுதல் திறமைசாலிகள்.

தங்கம், வெள்ளி இ.டி.எஃப்.களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. தங்கம் குட்டி போடாது. லாபம் இல்லாத இடத்தில் பி.இ.யும் இல்லை.

கைக்கு வருவது எவ்வளவு?

ஒரே குறியீட்டைப் பல நிறுவனங்கள் பின்பற்றும்போது செலவு விகிதம் முக்கியம். 5 லட்சத்துக்கு 0.05% என்றால் ஆண்டுக்கு 250 ரூபாய், 0.5% என்றால் 2,500 ரூபாய். குறியீடு தந்ததற்கும் இ.டி.எஃப். தந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது 'டிராக்கிங் டிஃபரன்ஸ்' எவ்வளவு என்பதை, மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்பது செபி விதி. அது குறைவாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

வாங்கும் நிமிடத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். உள்ளே இருக்கும் பங்குகளின் அந்த நேர மதிப்பை ஃபண்ட் நிறுவனத்தின் தளம் 'ஐ-என்.ஏ.வி.' என்று காட்டும். சந்தை விலை அதைவிட மிக அதிகமாக இருந்தால் ஒதுங்கி நில்லுங்கள். 2025 அக்டோபரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வெள்ளி இ.டி.எஃப்.கள் உண்மை மதிப்பைவிடக் கூடுதல் விலைக்குக் கைமாறின. தட்டுப்பாடு தணிந்தால் அந்தக் கூடுதல் தொகை அப்படியே ஆவியாகிவிடும்.

இதை மட்டும் மறக்காதீர்கள்

பி.இ. நாளைக்கு ஏறுமா, இறங்குமா என்று சொல்லாது. விலை அதிகமாகத் தெரியும் சந்தை இன்னும் இரண்டு ஆண்டுகள்கூட ஏறலாம். ஆகவே, பி.இ.யை வைத்து மொத்தமாக உள்ளே, வெளியே என்று ஓடாதீர்கள். அது அதிகமாக இருக்கும்போது மாதாமாதம் பிரித்துப் போடுங்கள். குறையும்போது பயப்படாமல் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். மூன்று ஆண்டுக்குள் ஃபீஸ் கட்ட வேண்டிய பணம் என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் பங்கு இ.டி.எஃப். அதற்கான இடமில்லை.